பெர்பெத்துவாவின் பதினேழு பூக்கள்

பெர்பெத்துவா வீப்பே பேரம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

காசில்டாவுக்கு அதுதான் உறுத்தியது. சான் ஹசிந்தோ சந்தையில் இருபது வருடமாகப் பூ விற்கிற பெண். ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கவே மூன்று முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், நான்காம் முறை கடைக்காரனே ஓடி வந்து கூப்பிடும்படி செய்கிறவள். அவள் இன்றைக்கு, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த காவல் அறையில், எதிராளி சொன்ன முதல் விலைக்கே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் புடுங்கினேன். மலையில இருந்த அத்தனை கோர்புஸ் பூவையும் வேரோட புடுங்கினேன். போதுமா? கிளம்புங்க."

"எந்த மரத்துல?" என்றாள் காசில்டா.

"எல்லா மரத்துலயும்."

"எப்படி ஏறின?"

பெர்பெத்துவா குனிந்து தன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நூறு கிலோவுக்குக் குறையாது. "ஏணி போட்டு."

"அந்த ஏணியையும் கைது பண்ணியிருக்காங்களா, இல்ல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?" என்றான் நபோர்.

நபோர் காசில்டாவின் உதவியாளன். அதற்கு முன் பாத்ஸ்குவாரோ பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவனாக இருந்தான். வாயை மூடுவது அவனுக்குப் பழக்கமில்லை. காசில்டா துப்பறிய வருவதற்கு முன்பு அடகுக் கடை வைத்திருந்தவள். போலி மோதிரத்தையும் போலிக் கண்ணீரையும் ஒரே தராசில் நிறுத்துப் பழகிய கண் அவளுக்கு.

அந்தக் கண்ணுக்கு பெர்பெத்துவாவின் கண்ணீர் அசலாகத் தெரிந்தது. வாக்குமூலம்தான் பித்தளையாகத் தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஜூன் மாதத்துக் கோர்புஸ் திருவிழா, அதாவது நற்கருணை ஊர்வலம், முடிந்த மறுநாள், பெர்பெத்துவாவின் கடைக்குப் பின்னால் ஒரு கூடை பிடிபட்டது. உள்ளே பதினேழு செடிகள், பூவோடு. மரக் கிளைகளில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் அது; அரசாங்கம் பாதுகாக்கும் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. ஊர்வலத்துக்குப் பூவை மட்டும் கொய்யலாம் என்பது ஊர் வழக்கம். செடியைப் பிடுங்கி விற்றால் சிறை. பிடித்தவர் காட்டுக் காவல் குழுவின் தலைவர் தோன் இலாரியோ. இன்று மதியம் தலைநகரிலிருந்து அதிகாரி வந்து அவளை அழைத்துப்போகப் போகிறார். அவள் கணவன் தாமியான், படகோட்டி, அழுத கண்ணோடு காசில்டாவின் வாசலில் விடியற்காலையிலேயே வந்து நின்றுவிட்டான்.

"வருஷக்கணக்குல உள்ள வைப்பாங்க, தெரியுமா?" என்றாள் காசில்டா.

"தெரியும். சோளக் கொழுக்கட்டை கொண்டுவந்து பார்க்க ஆள் வருவாங்க."

"பார்க்க வருவாங்கங்கிறதுக்காகவா ஜெயிலுக்குப் போவாங்க?"

பெர்பெத்துவா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நபோர் சொன்னான்: "முதலாளியம்மா, கட்சிக்காரியே குத்தத்தை ஒத்துக்கிட்டா நமக்குக் கூலி உண்டா இல்லையா?"

"அவ ஒத்துக்கிட்டது எந்தக் குத்தத்தைன்னு முதல்ல பார்ப்போம்."

*

தோன் இலாரியோ மலையேறும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வெள்ளை மீசை, வெள்ளைத் தொப்பி, சுத்தமான பூட்ஸ். காவலுக்குப் போகிறவரின் பூட்ஸ் ஜூன் மாதச் சேற்றில் இவ்வளவு சுத்தமாக இருக்கலாமா என்று நபோர் காசில்டாவின் காதில் கேட்டான். அவள் முழங்கையால் இடித்தாள்.

கருவாலி மரங்கள் வந்தன. ஒவ்வொரு கிளையிலும் பட்டை மேல் வெளிறிய கோடுகள், சிலந்தி வலை உரிந்தது போல. வேர்கள் ஒட்டியிருந்த தடம்.

"பாருங்க. மொட்டையடிச்சுட்டா. இருபது வருஷமா நான் காத்த மரங்க" என்றார் இலாரியோ. குரல் கொஞ்சம் அதிகமாகவே உடைந்தது.

"மரம் பூரா இன்னும் செடி இருக்கே?" என்று நபோர் அண்ணாந்து பார்த்தான்.

"அது ஆன்மாப் பூடா. நவம்பர்ல கல்லறைக்குக் கொண்டு போறது. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ஆனா பட்டியல்ல இருக்கிறது கோர்புஸ் மட்டும்தான்."

"அக்காவுக்கு மட்டும் போலீஸ் காவலா? தங்கச்சி என்ன பாவம் பண்ணினா?"

"அது வேகமா வளரும். ஒரு கொம்புல எட்டு பத்து பூ விடும். ஊரே மூட்டை மூட்டையா அறுத்தாலும் இன்னும் மிச்சம் இருக்கு. கோர்புஸ் அப்படியா? விதை விழுந்து பூ பார்க்கப் பதினஞ்சு இருபது வருஷம். வருஷத்துக்கு ஒரே ஒரு குமிழ்தான் புதுசா விடும். கொம்புக்கு ஒத்தைப் பூ."

"மூட்டை மூட்டையா அறுத்தா, தங்கச்சியும் ஒருநாள் பட்டியலுக்கு வந்துடுவாளே?" என்றாள் காசில்டா.

"வரும்போது பார்த்துக்கலாம் தோன்யா" என்று மரியாதைச் சொல் போட்டார் இலாரியோ.

"வரும்போது பார்க்க மரத்துல ஒண்ணும் இருக்காது."

இலாரியோ சிரித்து மழுப்பினார். பாதை வழுக்கியது. அவர் காசில்டாவின் பக்கம் திரும்பிப் பேசியபடியே, பார்க்காமல் தலைக்கு மேல் கையை நீட்டி ஒரு கிளையைப் பிடித்தார். பிடித்த கை சுட்டது போல விலகியது. "அட, கோர்புஸ். ஒண்ணு தப்பிச்சிருக்கு!" என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். அங்கேயும் ஒரு செடி. "ம், ஆன்மா" என்று, அதன் மேலேயே முழு பாரத்தையும் போட்டு ஏறி வந்தார். பேச்சு ஒரு கணம்கூட நிற்கவில்லை; பார்வை திரும்பவே இல்லை.

"எப்படிங்கய்யா, பார்க்காமலே சொல்றீங்க?" என்றான் நபோர்.

"இது என்ன பெரிய வித்தை? கோர்புஸோட குமிழ் புறா முட்டை மாதிரி உருண்டை. ஆன்மாவோடது மிளகாய் மாதிரி நீளம், வரி வரியா இருக்கும். என் விரலை வெட்டிப் போட்டாக்கூட அந்த விரல் சொல்லும்."

"உங்களைத் தவிர இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

"ஆன்மாப் பூ எல்லாருக்கும் தெரியும், வருஷா வருஷம் கட்டுறாங்களே. கோர்புஸோட குமிழைத் தொட ஊர்ல யாருக்கும் அனுமதி கிடையாது. எனக்கு மட்டும்தான்."

பெருமையில் மீசை அகன்றது. காசில்டா அந்தப் பெருமையை ரசிக்கிற மாதிரி தலையாட்டினாள். அடகுக் கடையில் தகப்பன் வீட்டு நகை என்று சொல்பவர்களிடம் அவள் ஆட்டும் அதே தலையாட்டல்.

*

பிடிபட்ட கூடை இலாரியோவின் வீட்டு முற்றத்தில், தகரக் கொட்டகையில் பூட்டப்பட்டிருந்தது. முற்றத்தில் ஒரு சின்ன லாரி நின்றது. பின்னால் அவகாடோப் பெட்டிகள், அவற்றின் மேல் ஈரச் சாக்கு.

"குவாதலஹாராவுக்குப் போற சரக்கு. சாயங்காலம் கிளம்பணும்" என்று கேட்காமலே சொன்னார் இலாரியோ.

கொட்டகைக்குள் பதினேழு செடிகளும் வரிசையாக இருந்தன. ஊதா நிறத்தில், உள்ளங்கை அளவுப் பூக்கள், ஒவ்வொன்றும் அழகு. எல்லாம் தொண்டை வறண்டு தொங்கின.

"தண்ணி தெளிக்கக் கூடாதா பாவம்?" என்றாள் காசில்டா.

"சாட்சியம் தோன்யா. ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. அதிகாரி பார்க்கிறவரைக்கும் அப்படியே இருக்கணும்." வாசலில் யாரோ கூப்பிட, "கை வெச்சுடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு வெளியே போனார்.

போன மறுகணம் காசில்டா கை வைத்தாள். பூக்காம்பு குமிழோடு சேரும் இடத்தை விரலால் தடவினாள். விரலை நக்கினாள். மறுபடி தடவினாள்.

"முதலாளியம்மா, சாட்சியத்தைத் திங்காதீங்க. பசின்னா வழியில அதோலே கஞ்சி வாங்கித் தர்றேன்."

அவள் விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நூலாக இழுத்தது. பூக்காம்பு குமிழ் மேல் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"பிசினா?"

"ஏசு சிலை பண்றவங்க சோளத்தட்டைச் சக்கையை ஒட்ட வைக்கிற பிசின். இதே குமிழை இடிச்சுத்தான் எடுப்பாங்க. காய்ஞ்சா கல்லு, நனைஞ்சா கஞ்சி. இப்ப குமிழைப் பாரு. உருண்டையா, நீளமா?"

நபோர் குனிந்து பார்த்தான். மிளகாய் மாதிரி நீளம். வரி வரியாக இருந்தது.

"அப்போ… செடி தங்கச்சி, பூ அக்காவா?"

"பதினேழும் அப்படித்தான்."

நபோர் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "கடத்தல்காரின்னு புடிச்சிருக்காங்க! அவ கடத்தவே இல்ல, கடத்தின மாதிரி வித்திருக்கா! இந்த ஊர்ல தடை பண்ணின சரக்கைக்கூட நம்பி வாங்க முடியாதா? பாவம் தோன் இலாரியோ, அவரும் ஏமாந்துட்டாரு!"

காசில்டா சிரிக்கவில்லை. கொட்டகை வாசல் வழியே முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"ஊர்வலம் முடிஞ்சதும் தேவாலயப் படியில பூவைக் குவிச்சுப் போட்டுடுவாங்க. அதைப் பொறுக்கிட்டு வந்திருக்கே" என்றாள் காசில்டா, காவல் அறையில். "ஆன்மாப் பூச் செடியை எடுத்து, அதோட தலையில ஒட்ட வெச்சிருக்கே. அங்கதான் தப்புப் பண்ணிட்டே. கோர்புஸ் பூ முத்தின குமிழ்ல வராது. கிளம்பி வர்ற இளந்தளிரோடதான் வரும். முத்தின குமிழ் உச்சியில பூக்கிறது நவம்பர்ப் பூ. வருஷா வருஷம் நவம்பர்ப் பூ கட்டிக் கட்டிப் பழகின கை அது. தன்னால அங்க போய் ஒட்டிடுச்சு."

பெர்பெத்துவாவின் முகம் வெளுத்தது. பிடிபட்டபோதுகூட அப்படி வெளுத்திருக்காது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாதீங்க. உங்க காலைப் புடிக்கிறேன்."

"அட, நல்ல செய்தி சொல்றோம் அக்கா!" என்றான் நபோர். "நீங்க நிரபராதி!"

"நிரபராதியா?" பெர்பெத்துவா சீறினாள். "வெளியூர்க்காரங்க வர்றாங்க. தடை பண்ணின பூன்னா கண்ணை மூடிக்கிட்டுக் காசு குடுக்கிறாங்க. நான் குடுத்தேன். நாலு நாள்ல பூ உதிர்ந்தா, வீட்டுக்குப் போன வழியில வாடிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. யாருக்கு நஷ்டம்? ஆனா சந்தையில என் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு இது தெரியக் கூடாது. திருடினவளைச் சந்தை மன்னிச்சுடும் தம்பி. போலிச் சரக்கு வித்தவளுக்கு எடம் கிடையாது. போன வருஷம் மெழுகு கலந்த தேன் வித்தவன் எங்கே? அவனைப் பார்த்தா ஒருத்தரும் முகம் குடுக்கிறதில்ல. ஜெயில்ல இருந்து வந்தா என் மூலை எனக்கு இருக்கும்."

"வர்றப்ப தாமியான் இருப்பானா?" என்றாள் காசில்டா.

அவள் சால்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"அழுது அழுது அவன் கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல." மிகச் சின்னக் குரலில்.

காசில்டா எழுந்தாள். "மதியம் சந்தைத் திடல்ல வெச்சுத்தான் விசாரணை. கூடைக்குப் பக்கத்துல ஒரு ஜாடித் தண்ணி இருக்கும். நான் ஊத்த மாட்டேன். நான் ஊத்தினா, தண்ணியில ஏதோ மருந்து கலந்துட்டேன்னு சொல்லுவாங்க. சரக்கு உன்னோடது. ஊத்துறதும் ஊத்தாததும் உன் இஷ்டம்."

*

சனிக்கிழமைச் சந்தை. திடலில் எள் போட்டால் கீழே விழாது. சட்டி பானைக்காரி சபீனா தன் சரக்கை விட்டுவிட்டு முதல் வரிசைக்கே வந்து நின்றாள். அவள் வாய்க்குச் சந்தையில் கத்தரிக்கோல் என்று பெயர்.

அதிகாரி இளைஞர், வெயிலில் சட்டை நனைந்திருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரம் முகத்தில் இருந்தது. காசில்டா அவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தாள்.

"ஒவ்வொரு செடியையும் தோன் இலாரியோ கையில எடுத்து, இது எங்க மலையில இருந்து போன கோர்புஸ் பூதான்னு சொல்லட்டும். அவரைவிடத் தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துல யாரும் கிடையாது."

இலாரியோ மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார், தடவினார், சிலுவை போட்டுக்கொண்டு சத்தியம் செய்தார். "கோர்புஸ். எங்க மரத்துது." பதினேழு முறை. கூட்டம் ஒவ்வொரு முறையும் பெர்பெத்துவாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. பாவம், திருடினாலும் நம்மூர்ப் பெண்.

"அப்போ முடிஞ்சுது" என்றார் அதிகாரி.

பெர்பெத்துவா கூட்டத்தைத் துழாவினாள். தூரத்தில் தாமியான் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு சபீனாவை, மற்ற கடைக்காரிகளை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜாடியை எடுத்தாள். கூடை மேல் கவிழ்த்தாள்.

"சாட்சியம்!" என்று பாய்ந்தார் இலாரியோ. நபோரின் கால் எப்படியோ குறுக்கே வந்துவிட, தடுக்கி விழுந்தார்.

முதல் பூ சாய்ந்தது. வழுக்கியது. தொப்பென்று விழுந்தது. அடுத்தது விழுந்தது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக, சாராயக் கடை மூடும் நேரத்துக் குடிகாரர்கள் போல எல்லாம் சரிந்தன. கூடையில் நீளக் குமிழ்களும் பசைத் தண்ணீரும் மிஞ்சின.

முன்வரிசை எட்டிக் கூடைக்குள் பார்த்தது.

"எல்லாம் ஆன்மாப் பூச் செடி" என்றாள் பெர்பெத்துவா. "நான்தான் ஒட்ட வெச்சேன். மலைக்கு நான் போனதே இல்ல."

அதிகாரி ஒரு குமிழை எடுத்துப் புரட்டினார். "இந்தச் செடிக்கு என்கிட்ட சட்டம் இல்ல."

"இப்போதைக்கு" என்றாள் காசில்டா.

"ஏமாந்தவங்க வேணும்னா புகார் குடுக்கட்டும். தடை பண்ணின செடியை வாங்க வந்தோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்" என்றார் அதிகாரி.

கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு வெளியூர்க்காரர்கள் அவசரமாக நகர்ந்தார்கள்.

இலாரியோ எழுந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டார். சிரிப்பை முகத்தில் ஏற்றிக்கொண்டார். "பெரிய கைகாரிதான்! என்னையே ஏமாத்திட்டா பாருங்க. வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியல."

"கண்ணு எதுக்கு தோன் இலாரியோ?" காசில்டாவின் குரல் மிருதுவாக இருந்தது. "காலையில மலையில, பார்க்காமலே கையை நீட்டினீங்க. ஒண்ணைத் தொட்டதும் கையை எடுத்தீங்க. இன்னொண்ணு மேல பாரத்தைப் போட்டீங்க. அந்த விரலை வெட்டிப் போட்டாக்கூட சொல்லும்னீங்க. இப்போ அதே விரலால பதினேழு தடவை தடவி, பதினேழு தடவை சத்தியம் பண்ணியிருக்கீங்க. இந்த ஊர்ல பெர்பெத்துவாவால ஏமாத்தவே முடியாத ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க ஏமாறல. முதல் நாளே உங்களுக்குத் தெரியும். அதனாலதான் ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னீங்க."

மீசை அசைந்தது.

"தெரிஞ்சும் எதுக்குப் பொய்ச் சத்தியம்?" காசில்டா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "மரம் நிஜமாவே மொட்டையா இருக்கு சார், நான் பார்த்தேன். அந்தச் செடிங்க எங்கேன்னு யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி, ஒரு கூடையும் ஒரு திருடியும் இவருக்குத் தேவைப்பட்டுச்சு. போலின்னா என்ன, பூ பூதானே? அவளும் ஒத்துக்கிட்டா. கணக்கு முடிஞ்சுது."

"அபாண்டம்! நான் இருபது வருஷம்…"

"சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் நபோர், கையைத் தூக்கி. "எங்க அத்தை அவகாடோ விக்கிறாங்க. பறிச்ச அவகாடோவுக்கு அவங்க எப்பவும் தண்ணி குடுத்ததில்ல. ஐயா வீட்டு முற்றத்துல லாரி நிக்குது. பெட்டி மேல ஈரச் சாக்கு. சாட்சிச் செடிக்குத் தண்ணி இல்ல, அவகாடோவுக்கு மட்டும் எதுக்கு?"

அதிகாரியின் அவசரம் காணாமல் போயிருந்தது. அவர் இலாரியோவைப் பார்த்தார். இலாரியோ தன் வீட்டுத் திசையைப் பார்த்தார். அவர் பார்த்திருக்கவே கூடாத திசை அது.

அரை மணியில் லாரி திடலுக்கு வந்தது. மேல் வரிசையில் அவகாடோ. அதற்குக் கீழே பெட்டி பெட்டியாகப் புறா முட்டைக் குமிழ்கள், வேரோடு, ஈரப் பாசியில் பொதிந்து, இளந்தளிரும் ஊதா மொட்டுமாக. இருபது வருடம் காத்த கைதான் அவ்வளவு பக்குவமாகப் பொதிந்திருக்க முடியும். பாதியாவது மறுபடி மரத்தில் பிடிக்கும் என்று அதிகாரி சொன்னார்.

இலாரியோவை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு, பெர்பெத்துவா காசில்டாவிடம் வந்தாள். தாமியான் அவள் பின்னால், அவள் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜெயில்ல இருந்து காப்பாத்திட்டீங்க. இப்போ அந்த மூலைக்கு நான் எப்படிப் போறது?"

காசில்டா வழிவிட்டு ஒதுங்கினாள். நபோரும் ஒதுங்கினான்.

பெர்பெத்துவா நடந்தாள். கடைக்காரிகள் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. அவள் தன் இடத்தில் துணியை விரித்தாள். விற்க ஒன்றுமில்லாத துணியின் முன்னால், மடியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

சபீனா கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள். அவள் போகிற வழியில் கூடையிலிருந்து ஒரு குமிழை எடுத்துக்கொண்டாள். பெர்பெத்துவாவின் முன்னால் நின்று, பசையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி," என்றாள், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இது சட்டி விரிசலுக்கு நிக்குமா?"

பெர்பெத்துவா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கினவங்க பஸ் ஏறுற வரைக்கும் நிக்கும்."

சபீனா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.